கத்தி பட்டால் பரவுமா?

“கத்தி வச்சா பரவிடும்.” புற்றுநோய் என்றதும் படித்தவர், படிக்காதவர் எல்லாரும் சொல்லும் சொல் இது. பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில் வரும் புற்றுநோயில் இந்தப் பேச்சு உயிரையே வாங்குகிறது. அந்த நோய்க்கு முதன்மையான சிகிச்சையே அறுவைதான்.

இது பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருவது. மாதக்கணக்கில் அரிப்பு இருந்திருக்கும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடைக் களிம்பைத் தடவியே காலம் போயிருக்கும். புண்ணோ கட்டியோ வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனால், “சதை எடுத்துப் பார்க்கணும்” என்கிறார் டாக்டர். வராந்தாவில் மகனும் மருமகனும் சித்தப்பாவும் கூடி நின்று வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைப் பாசம் என்று என்னால் ஏற்க முடியாது.

மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுப்பார்கள். அவ்வளவுதான் அந்தச் சோதனை. அதனால் இந்த நோய் பரவுவதில்லை. சும்மா விட்டால் தானாகவே நிணநீர் வழியாகத் தொடை இடுக்குக்குப் போய் நெறி கட்டும். முற்றிய பிறகு அறுவைக்கு வந்து இறந்துபோனவர்களைப் பார்த்துத்தான் ஊர் கத்தியின்மேல் பழி போட்டது.

அந்தக் காலத்து அறுவை கொடுமையானது என்பது உண்மை. உறுப்பு முழுவதையும் இரண்டு தொடை இடுக்குகளோடு சேர்த்து ஒரே வெட்டில் எடுத்தார்கள். தையல் பிரியும், கால் வீங்கும். 1980-களிலிருந்து அது மாறிவிட்டது. இரண்டு செ.மீ.க்கு மேற்படாத கட்டி, ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நின்றிருந்தால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு கட்டியை மட்டும் எடுத்தால் போதும். நான்கு செ.மீ.க்கு உட்பட்ட ஒற்றைக் கட்டியாக இருந்து, நெறியும் தட்டுப்படவில்லை என்றால், நோய் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். 2008-இல் வெளியான ஆய்வில், அந்தக் கணுவில் நோய் இல்லாத ஒற்றைக் கட்டிக்காரர்கள் 259 பேரில் ஆறு பேருக்கே தொடை இடுக்கில் நோய் திரும்பியிருந்தது. கணு சுத்தமாக இருந்தால் மற்றவற்றை நோண்ட வேண்டியதில்லை. கால் வீக்கமும் பெருமளவு குறையும்.

“கரன்ட் வச்சா போதாதா?” என்று கதிர்வீச்சைக் கேட்பார்கள். கட்டி மூத்திரத் துவாரத்தையோ ஆசனவாயையோ ஒட்டியிருந்து, வெட்டினால் அவை போய்விடும் என்னும்போது, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் கொடுப்பது உண்டு. கணுவில் நோய் இருந்தாலும் கதிர்வீச்சு தேவைப்படலாம். சின்னக் கட்டிக்கு அறுவையை விட்டுவிட்டு அதைக் கேட்பது வீண்.

கத்தியே படாத வழியும் ஒன்று உண்டு. பாப்பிலோமா வைரஸால் வரும் புற்றுக்கு முந்தைய நிலைக்கு இமிகுவிமாட் களிம்பு தரலாம். 2022-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அது அறுவைக்கு ஈடுகொடுத்தது. முந்தைய நிலையிலேயே இன்னொரு வகை உண்டு, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சதையைச் சோதித்தாக வேண்டும். அதைத்தான் வராந்தாவில் நின்று வேண்டாம் என்கிறார்கள்.