சாயம் வெளுத்த பயம்!

“டை போடாம எடுக்க முடியாதா டாக்டர்?”

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு இப்படிக் கேட்டவன் என் ஆபீஸ் நண்பன். இரண்டு நாளாக அடிவயிற்றில் வலது பக்கம் வலி. அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், ‘கான்ட்ராஸ்ட்’ மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும் என்கிறார் டாக்டர். பையன் மாட்டேன் என்கிறான். காரணம், எங்கள் கேன்டீன். “டை ஏத்தினா கிட்னி காலி மச்சி!” என்று ஒரு மேதை மெதுவடையைக் கடித்தபடி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. “பயம் பொய்யில்லை தம்பி. ஆனா ரொம்பப் பழசு” என்றார்.

நிஜம்தான். இந்த மருந்தில் இருப்பது அயோடின். எக்ஸ்ரேயைத் தடுத்து, ரத்தக் குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும். வேலை முடிந்ததும் அதை வடிகட்டி வெளியே தள்ளுவது கிட்னியின் பொறுப்பு. அந்தக் காலத்து மருந்துகளுக்கு ரத்தத்தைவிடப் பல மடங்கு ‘உப்புத்தன்மை’. ரத்தக் குழாயில் ஏற்றினால் நோயாளி துடித்துப் போவார்.

இதைப் பார்த்து 1960-களில் தூக்கம் கெட்டவர், ஸ்வீடனைச் சேர்ந்த டோர்ஸ்டென் அல்மேன் என்ற டாக்டர். மனிதருக்கு நீச்சல் பழக்கம் உண்டு. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் கண்ணைத் திறந்துகொண்டு நீந்தினால் ஒன்றும் ஆகாது. மேற்குக் கரையில் உப்பு அதிகம், கண் எரியும். கண்ணுக்கு எரிந்தால் ரத்தக் குழாய்க்கு மட்டும் எரியாதா என்று யோசித்தார். உப்புத்தன்மை குறைந்த மருந்துகள் அப்படித்தான் பிறந்தன. அந்த வம்சத்தில் வந்த அயோஹெக்சாலை வைத்தே இன்று கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளக்கிறார்கள். திருடன் என்று பேர் வாங்கியவனுக்கே போலீஸ் உத்தியோகம்!

அப்படியானால் ஸ்கேனுக்குப் பிறகு சிலருக்குக் கிட்னி கெட்டதே? காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை அதில் நிறைய உண்டு. கடும் நோயோடு படுத்திருப்பவருக்கு, மருந்து ஏற்றாவிட்டாலும் கிட்னி தடுமாறும். டை போட்டவர்களையும் போடாதவர்களையும் 2013-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. ஆபத்தை மிகைப்படுத்திவிட்டோம் என்று அங்குள்ள ரேடியாலஜி, கிட்னி அமைப்புகள் 2020-ல் சேர்ந்தே அறிக்கை விட்டன.

அதற்காக அலட்சியம் கூடாது. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அதிலிருந்து ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்று ஒரு மார்க் போடுவார்கள். 90-க்கு மேல் என்றால் பாஸ். 30-க்குக் கீழே போனவர்களுக்கும், திடீரென்று கிட்னி பழுதானவர்களுக்கும்தான் நிஜமான கவலை. அவர்களுக்கும்கூட ஸ்கேன் அவசியம் என்றால் சலைன் ஏற்றி, ஜாக்கிரதையாக எடுப்பது உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் மறக்காமல் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நண்பனுக்கு கிரியேட்டினின் 0.9. நல்ல மார்க். சரி என்று தலையாட்டினான். சட்டையைக் கழற்றும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. பாதி காலி.

“என்னப்பா இது?”

“டைக்ளோஃபினாக் சார். பைக் ஓட்டி ஓட்டி முதுகு வலி. ஆறு மாசமா டெய்லி ரெண்டு.”

“யார் எழுதிக் கொடுத்தது?”

“மெடிக்கல் ஷாப்ல அண்ணன் கொடுப்பாரு.”

டாக்டர் இப்போதுதான் கோபப்பட்டார். “நான் ரத்தம் பார்த்து, கணக்குப் போட்டு, ஒரே ஒரு தடவை ஏத்துற மருந்துக்கு நடுங்கற. யாரையும் கேக்காம தினம் ரெண்டு முழுங்கறியே, கிட்னியைக் கெடுக்க அது போதும் தம்பி!”

ஸ்கேன் முடிந்தது. அப்பெண்டிக்ஸ் வீங்கி, வெடிக்கத் தயாராக இருந்தது. அன்று ராத்திரியே ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் கேன்டீன் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இதை எழுதுகிற மனநிலையில் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் பார்க்கப் போனேன். “டை ஏத்தினப்போ எப்படிடா இருந்தது?”

நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னான். “உடம்பெல்லாம் சூடாச்சு. பேன்ட்டிலேயே போயிட்ட மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன்... இல்ல!”

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். கேன்டீனில் இதைச் சொல்லிவிடாதீர்கள்.