ஃப்ளானன் தீவு: மர்மமாம் மர்மம்!

யூட்யூப்பைத் திறந்தா போதும், யாராவது இந்தக் கதையைத் தூக்கிட்டு வந்துடறாங்க. "மூணு பேரை விழுங்கிய மர்மத் தீவு!" பின்னாடி ஊஊஊன்னு ஒரு மியூசிக் வேற. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. அதான் இந்தப் புலம்பல்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்காட்லாந்துல லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக்ல கிடக்கு ஃப்ளானன் தீவுகள். ஊர், குடி ஒண்ணும் கிடையாது. அதுல பெரிய தீவான எய்லன் மோர்ல 1899 டிசம்பர்ல ஒரு கலங்கரை விளக்கத்தை ஏத்தினாங்க. சரியா ஒரு வருஷம்தான். 1900 டிசம்பர் 15 ராத்திரி அந்தப் பக்கமா போன ஒரு கப்பல், விளக்கு எரியலைன்னு கவனிச்சது. மாத்து ஆளைக் கூட்டிட்டுப் போக வேண்டிய ஹெஸ்பெரஸ் கப்பல், வானிலை மோசமானதால 26-ம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மக்ஆர்தர்... மூணு பேரையும் காணோம். உடம்புகூட கடைசிவரை கிடைக்கலை.

இதுவரைக்கும் உண்மை. இனிமே மசாலா.

சாப்பாடு அப்படியே இருந்தது, நாற்காலி கவிழ்ந்து கிடந்தது... இதெல்லாம் 1912-ல வில்ஃப்ரிட் கிப்சன் எழுதின கவிதை மூலமா ஊர் பூரா பரவினது. முதல்ல உள்ளே போன ஜோசப் மூர் பார்த்தது, கழுவி சுத்தமா வெச்சிருந்த பாத்திரங்களைத்தான். சரி, கவிஞர், கற்பனை அவர் உரிமை, விட்டுடலாம். எனக்குக் கடுப்பேத்தறது அந்த 'டைரி'தான். மக்ஆர்தர் அழுதார், டுகாட் எரிஞ்சு விழுந்தார், எல்லாரும் ஜெபம் பண்ணினோம்னு மார்ஷல் எழுதி வெச்சாராம். பல வருஷம் கழிச்சு ஒரு அமெரிக்கப் பத்திரிகையில முளைச்ச சரக்கு அது!

மேலதிகாரி ராபர்ட் மியூர்ஹெட் நேர்ல போய்ப் பார்த்து, 1901 ஜனவரியில ஒரு அறிக்கை கொடுத்தார். அதுல அழுகையும் இல்லை, ஜெபமும் இல்லை. பதிவேடு 13-ம் தேதி வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் சிலேட்டுல குறிப்பு. 15-ம் தேதி காலை 9 மணிக்குக்கூட காற்றழுத்தம், வெப்பநிலை, காத்து எல்லாத்தையும் குறிச்சிருக்காங்க. விளக்கைத் துடைச்சு, எண்ணெய் ஊத்தி, ராத்திரிக்குத் தயாரா வெச்சிருக்காங்க. பயந்து நடுங்கறவன் செய்யற வேலையா இது?

மேற்குப் படகுத்துறையில, கடல் மட்டத்துல இருந்து சுமார் 33 மீட்டர் உயரத்துல இருந்த கயித்துப் பெட்டி உடைஞ்சு, கயிறெல்லாம் சிதறிக் கிடந்தது. இரும்புக் கம்பிகள் முறுக்கிட்டு நின்னுது. 60 மீட்டர் உயரத்துல பாறை உச்சியில புல்தரையே பிய்ஞ்சிருந்தது. டுகாட், மார்ஷல் ரெண்டு பேரோட கடல் பூட்ஸையும் காணோம். பெட்டியைக் கட்டிவைக்கப் போனவங்களை ஒரு பெரிய அலை அடிச்சிட்டுப் போயிருக்கணும்னு முடிக்கிறார் மியூர்ஹெட். பார்த்தது தனி, ஊகிச்சது தனின்னு பிரிச்சுச் சொல்றார் மனுஷன். சர்வர் படுத்தா நாம எழுதற ரிப்போர்ட்ல எத்தனையில இந்த நேர்மை இருக்கு? இத்தனைக்கும் டிசம்பர் 7-ம் தேதி அந்த மூணு பேருக்கும் கடைசியா கைகொடுத்துட்டு வந்தவரே அவர்தான்.

அந்த அறிக்கையில என்னை உலுக்கினது ஒரு மழைக்கோட்டு. மக்ஆர்தரோடது. அது உள்ளேயே இருந்தது. டிசம்பர் குளிர்ல, வெறும் சட்டையோட மனுஷன் வெளியே போயிருக்கார். ஒருத்தர் விளக்கோட இருக்கணுங்கறது விதி. அதை மீறி, கோட்டு மாட்டக்கூட நிக்காம ஏன் ஓடணும்? கூட்டாளிங்க ஆபத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கும். இது என் ஊகம்தான், ஆனா பேய், கடல் பாம்பு, வேற்றுக்கிரகவாசியை விட இது எவ்வளவோ தேவலை :-)

காப்பாத்த ஓடினவரா இருக்கக்கூடிய ஒருத்தரை, அழுதுட்டு உக்காந்திருந்தவரா ஆக்கிட்டோமே, அதான் சார் என் கோபம். டுகாட்டுக்கும் மக்ஆர்தருக்கும் பெண்டாட்டி, பிள்ளைங்க இருந்தாங்க. பேய்க்கதை சொல்லணுமா, தாராளமா சொல்லுங்க. உங்க கற்பனைத் தீவுல, உங்க கற்பனைப் பேரை வெச்சு சொல்லுங்க.

1971-ல அந்த விளக்கைத் தானியங்கி ஆக்கிட்டாங்க, இப்ப அங்கே ஆள் தங்கறதில்லை. அடுத்த தடவை யாராவது "மர்மம்"னு ஆரம்பிச்சா, அந்த மழைக்கோட்டு எங்கே இருந்ததுன்னு மட்டும் கேளுங்க.