“தெரியாது” என்றால் பூஜ்யம் மார்க்கா?

யந்திரத்துக்குப் “பிரமை” பிடித்துவிட்டதாம்! அதனால்தான் இல்லாததை எல்லாம் சொல்கிறதாம்! செயற்கை அறிவுக் கம்பெனிகள் பாடும் பல்லவி இது. பிரமையும் இல்லை, பேயும் இல்லை என்கிறோம் நாம்.

2023-ல் நியூயார்க்கில் நடந்தது என்ன? விமானக் கம்பெனி ஒன்றின் மீதான நஷ்டஈட்டு வழக்கில், வக்கீல் ஒருவர் சாட்ஜிபிடியிடம் முன்தீர்ப்புகளைக் கேட்டார். அது சரளமாகக் கொட்டியது. அவற்றில் ஆறு வழக்குகள் பூமியில் எங்குமே நடக்காதவை! “இது உண்மையான வழக்குதானா?” என்று திருப்பிக் கேட்டபோதும், “ஆம்” என்றே சாதித்தது. கோர்ட்டு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சரிபார்க்காத வக்கீலுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், யந்திரத்தை இப்படிச் சாதிக்கப் பழக்கியவர் யார்?

பதில் ஓபன்ஏஐ கம்பெனியிடமே இருக்கிறது. அதன் ஆராய்ச்சியாளர்கள் 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள்: இந்த மாதிரிகளுக்கு வைக்கும் பரீட்சைகளில் சரியான விடைக்கு ஒரு மார்க்; தவறுக்கும் பூஜ்யம், “தெரியாது” என்பதற்கும் பூஜ்யம். அப்படியானால் எந்த யந்திரம் வாய்மூடி இருக்கும்? குருட்டாம்போக்கில் அடித்துவிட்டால் ஒன்றிரண்டாவது தேறுமே!

அவர்கள் வெளியிட்ட கணக்கையே பாருங்கள். ஒரே பரீட்சையில் ஓ4-மினி என்ற பழைய மாதிரி நூற்றுக்கு 24 சரி, 75 தவறு. ஒன்றில்தான் “தெரியாது” என்றது. ஜிபிடி-5 வகையைச் சேர்ந்த சிறிய மாதிரி 22 சரி, 26 தவறு, 52-ல் ஒதுங்கிக்கொண்டது. சரியான விடையை மட்டும் எண்ணும் பட்டியலில் முந்துவது எது? 75 தவறு செய்ததுதான்! இது பரீட்சையா, சூதாட்டமா?

நீட் பரீட்சை மீது நமக்கு ஆயிரம் புகார் உண்டு. அதில்கூடத் தவறான விடைக்கு ஒரு மார்க் வெட்டு. எழுதாமல் விட்டால் வெட்டு இல்லை. பிள்ளைகளுக்கு உள்ள விதி கோடி கோடியாய்க் கொட்டி வளர்க்கும் யந்திரத்துக்கு ஏன் இல்லை?

“தெரியாது” என்று சொன்னால் வாடிக்கைக்காரர் ஓடிவிடுவார் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஆக, குறை யந்திரத்தின் மூளையில் இல்லை. கல்லாப் பெட்டியில் இருக்கிறது. மருந்தின் அளவையும் பென்ஷன் விதியையும் இதனிடம் கேட்கிறார்கள் சாதாரண மக்கள். வக்கீலுக்கு அபராதத்தோடு போயிற்று. இவர்களுக்கு?

உறுதியாகச் சொல்லித் தவறினால் மார்க்கை வெட்டு! ஐயத்தை ஐயமென்று சொன்னால் மார்க் கொடு! சரியான விடைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே தவறுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு கம்பெனியும் அச்சிட்டுக் காட்டட்டும். இதையே நாம் கேட்கிறோம்.