உறைந்த கறியில் கிருமி உறங்குகிறது, சாவதில்லை

உறைய வைத்த கோழிக்கறி கெடாது, அதில் கிருமி இருக்காது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றி விட்டது. பட்டணத்தில் மட்டும் விற்ற பொட்டலக் கறி இன்று சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. நாட்டுக்கோழி வளர்க்கும் சிறு விவசாயிகள் சிலர் ஒன்று சேர்ந்து, ஒரு பிரீசர் வாங்கித் தாங்களே கறியாக விற்கவும் முன்வருகிறார்கள். தரகருக்குப் போகும் காசு வளர்த்தவருக்கே வரும் என்பதால் இது வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆனால் பிரீசரை மருந்தாக நம்பி இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்ள நேரிடும்.

சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் குடியிருப்பவை. இவை இருந்தாலும் கோழி பெரும்பாலும் நல்ல திடமாகவே காணப்படும். அதனால்தான் பண்ணையாளருக்குச் சந்தேகமே எழுவதில்லை. மனிதருக்கோ காய்ச்சல், வயிற்றுவலி, பேதி உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம். மைனஸ் 18 டிகிரி சென்டிகிரேடில் இவை பெருகுவதில்லை, அவ்வளவுதான். கறி உருகிச் சூடேறினால் சால்மொனெல்லா ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக் கூடியது. ஒரு கிருமி 5 மணி நேரத்தில் 32,000-க்கு மேல் ஆகிவிடும்.

மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் பிரீசரை அணைத்து, காலையில் இளகிய கறியை மறுபடியும் உறைய வைக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. சிக்கனம் என்று இதைச் சொல்ல முடியாது. பொட்டலத்தின் அடியில் சிவப்பு நீர் கட்டியாக உறைந்திருந்தால் அந்தக் கறி ஒரு முறை உருகியது என்று சந்தேகிக்கலாம். நிறைய அடுக்கி, திறக்காமல் வைத்த பிரீசர் மின்சாரம் நின்றாலும் ஒரு நாளுக்கு மேல் குளிரைத் தாங்கும். பாதி காலியாக இருப்பதும் அடிக்கடி திறப்பதும்தான் கெடுதல்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார், பலர் நோயுற்றனர். உணவு மாதிரிகளில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் காணப்பட்டன. தமிழ்நாட்டிலும் கடைகளில் சோதனைகள் நடந்தன. சோதனை தேவைதான். ஆனால் அது கடையோடு நின்று விடுகிறது. கிருமி ஏறுவது பண்ணையில், பரவுவது அறுக்கும் இடத்தில், பெருகுவதுதான் கடையில். கோழிக்கறி மீது மக்களுக்குப் பயம் வந்துவிட்டால் முதலில் விழுவது பண்ணை விலை. 2006-ல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோயே இல்லாத மாநிலங்களிலும் கோழி விலை சரிந்ததை வளர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வேலை கொட்டகையிலேயே தொடங்க வேண்டும். ஆழ்கூளம் ஈரமாகாமல் கிளறி விட வேண்டும். எலி நடமாட்டத்தைத் தடுக்க வேண்டும். அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து வர வேண்டும். எடை குறையுமே என்று பலர் இதைத் தட்டிக் கழிக்கிறார்கள். குடல் நிறைந்த கோழியை அறுக்கும்போது குடல் கிழிந்து, உள்ளே இருப்பது கறியெல்லாம் பூசிக்கொள்கிறது. அந்தச் சில கிராம் எடைக்காக முழுக் கோழியும் கெடுகிறது.

அறுக்குமிடத்தில் பெரிய குற்றவாளி, இறகு நீக்க வைத்திருக்கும் வெந்நீர் அண்டா. காலையில் ஊற்றிய நீரிலேயே மாலை வரை கோழிகளை முக்கினால், ஒரு கோழியின் எச்சம் அத்தனை கோழிகளுக்கும் போய்ச் சேரும். அண்டா நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். இறகு நீக்கும் கத்தியும் கட்டையும் வேறு, கறி வெட்டுபவை வேறாக இருக்கட்டும். அறுத்த கறியை உடனே குளிர வைத்துப் பிறகு உறைய வைக்க வேண்டும். சூடான கறியைக் குவியலாகப் பிரீசரில் திணித்தால் நடுவில் உள்ளது குளிர வெகுநேரமாகும். ஏற்கெனவே உள்ள கறியும் இளகிவிடும்.

விற்பனை தொடங்குமுன் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி உரிமமோ பதிவோ பெற வேண்டும். பொட்டலத்தின் மீது அறுத்த தேதியை எழுதி ஒட்டலாம். வாங்குபவரிடம் கறியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கவும், குழாயடியில் கழுவித் தெறிக்க விடாமல் நேரே சட்டியில் போட்டு, உள்சதை வரை நன்றாக வேகவிடவும் சொல்லி அனுப்பலாம். பிரீசருக்குள் ஒரு வெப்பமானி வைத்து, காலையும் மாலையும் அளவைப் பார்த்து நோட்டில் குறித்து வருவது குழுவில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.