எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அன்று



பிழைப்பு நாடி வளைகுடாவுக்குப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு விமான நிலையம் வரை அறிவுரை கூறுகிறோம். தொழுகையை விட்டுவிடாதே, பணத்தைச் சிக்கனமாகச் செலவிடு, தீய நட்பைத் தவிர்த்துக்கொள் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அங்கே போய் இறங்கியதும் அவர்கள் செய்யப்போகும் முதல் பெரிய கொடுக்கல் வாங்கலான வாடகை வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. "நம்ம ஊர்க்காரங்க இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. நானும் அப்படி அனுப்பப்பட்டவன்தான்.

துபைக்குச் சென்ற முதல் ஆண்டில், தேராவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. எங்கள் ஊர்க் காக்கா ஒருவர் முழுக் குடியிருப்பையும் தம் பெயரில் எடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு மாத வாடகையையும் முன்பணத்தையும் ரொக்கமாக அவர் கையில் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மனம் புண்பட்டிருக்கும் என்று எண்ணினேன். முதல் நாள் இரவு தம் வீட்டிலிருந்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவரிடம் எப்படிக் காகிதம் கேட்பது?

நான்காம் மாதம், நாத்தூர் என்று அங்கே அழைக்கப்படும் கட்டடக் காவலரும் உரிமையாளரின் ஆளும் கதவைத் தட்டினார்கள். அறைகளை உள்வாடகைக்கு விட உரிமையாளர் அனுமதி கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சில நாள்களுக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. கைக்குழந்தையோடு என் மனைவி பெட்டிகளின் மேல் அமர்ந்திருந்த அந்த மாலையை இன்னும் மறக்க முடியவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை. "உரிமையாளர் என் பணத்தையே பிடித்துக்கொண்டார், நான் எங்கே போவேன்?" என்றார் காக்கா. அவர் கெட்டவர் அல்லர். ஆயினும் நான் பணம் கொடுத்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

புதிதாக வருபவர் ஏன் இப்படிப்பட்ட ஏற்பாட்டில் விழுகிறார் என்பதற்குக் கணக்கே விடை கூறும். ஆண்டு வாடகை 50,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அறைகலன் இல்லாத வீட்டுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் முன்பணம் ஐந்து விழுக்காடு, 2,500 திர்ஹம். தரகர் கூலியும் பெரும்பாலும் அதே அளவு. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு வைப்புத்தொகை 2,000. வாடகையைப் பின்தேதியிட்ட நான்கு காசோலைகளாகக் கொடுத்தால் முதல் காசோலை 12,500. ஆக, ஓர் இரவு கூட உறங்கும் முன்பே 19,500 திர்ஹம் கையில் இருக்க வேண்டும். பணம் இருந்தாலும், காசோலைப் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் குடியிருப்பு அனுமதி வேண்டும். இவை எதுவும் கைக்கு வராத முதல் மாதத்தில் ஊர்க்காரரின் அறைதான் புகலிடம். இதை நான் குறை கூறவில்லை. அந்தப் புகலிடம் இல்லாவிட்டால் நம்மில் பலர் அங்கே நிலைத்திருக்கவே மாட்டோம்.

ஆனால் அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொண்டு அந்த அறைக்குள் நுழைய வேண்டும். 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் துபை வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி உள்வாடகைக்கு விட இயலாது. மீறினால் குத்தகைதாரரோடு உள்வாடகையாளரும் வெளியேற்றப்படுவார். அதே சட்டம், உள்வாடகையாளர் தமக்கு விட்டவரிடம் இழப்பீடு கோரும் உரிமையையும் காத்து வைத்திருக்கிறது. ஆனால் எழுத்தும் ரசீதும் இல்லாதவர் அந்த உரிமையை எதைக் காட்டி நிலைநாட்டுவார்? குத்தகை "இஜாரி" முறையில் பதிவாக வேண்டும். குடும்பத்தை விசா எடுத்து அழைத்துக்கொள்வதற்கும் பதிவான குத்தகையே கேட்கப்படுகிறது. ஒரு வீட்டில் சேர்ந்து வசிப்போர் அனைவரின் பெயரையும் பதிவு செய்யுமாறு 2022இல் துபை நிலத்துறை அறிவித்தது. பெயர் எங்குமே இல்லாமல் வசிப்பவர் எந்த நாளும் வெளியேற்றப்படலாம்.

இங்கேதான் நம் மனத்தில் ஊறிப்போன ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. ஒரு முஸ்லிமிடம் இன்னொரு முஸ்லிம் எழுத்தைக் கேட்பது அவநம்பிக்கை என்றும், சகோதரத்துவத்துக்குக் குறை என்றும் நாம் கருதுகிறோம். மார்க்கமோ இதற்கு நேர்மாறாக வழிகாட்டுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. அந்தக் கட்டளை அந்நியர்களுக்காக இறங்கியதன்று. ஒருவருக்கொருவர் உயிரையே கொடுக்க அணியமாயிருந்த நபித்தோழர்களை நோக்கி இறங்கியது. இஜாரி என்ற அந்தச் சொல்லும், நம் ஃபிக்ஹு நூல்கள் வாடகைக்கு வழங்கும் "இஜாரா" என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவையே. வாடகையும் அதன் கால அளவும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அந்நூல்களுக்குப் புதிய செய்தி அன்று.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். வீடற்றவர்களாக வந்தார்கள்; அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் தம் வீட்டில் இடமளித்தார்கள். பள்ளிவாசலுக்கான நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. அவர்கள் அதை அன்பளிப்பாகவே தர முன்வந்தும், அண்ணலார் விலை கொடுத்தே வாங்கினார்கள். தங்குவதற்கு விருந்தோம்பலை ஏற்றவர்கள், கொடுக்கல் வாங்கல் என்று வந்தபோது மற்றவரின் உரிமையை உணர்ச்சிக்குள் கரையவிடவில்லை. நாமோ முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக் கழிக்கிறோம்.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்குப் பின் உரிமையாளரின் ஒப்புதலோடு நானே ஒரு குடியிருப்பை எடுத்து, ஓர் அறையை ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்குக் கொடுத்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்தபின் அவர் தயங்கித் தயங்கி, "காக்கா, ஒரு ரசீது எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். ஒரு கணம் எனக்குச் சினம் வந்தது. என்னை நம்பவில்லையா என்று என் உள்ளம் கேட்டது. பிறகுதான், தேராவில் நான் கேட்கத் துணியாததை இவர் கேட்கிறார் என்பது உறைத்தது. எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு வாடகை, எவ்வளவு முன்பணம், எப்போது திருப்பித் தரப்படும், வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றை எழுதி முடிக்க ஒரு தாளும் பத்து நிமிடமும் போதுமாயிருந்தன.

ஆகவே, அறை கொடுக்கும் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புதியவர் கேட்கும் வரை காத்திராதீர்கள். நீங்களே எழுதிக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர் அவர். கூச்சத்தைப் போக்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள். உரிமையாளரின் ஒப்புதலைக் காட்டுங்கள். ஒப்புதல் இல்லையென்றால், அந்த ஆபத்தை மறைத்துப் பணம் வாங்காதீர்கள். குறையை மறைத்து விற்கும் பொருளுக்கு நம் மார்க்கத்தில் என்ன நிலையோ, இதற்கும் அதுவே. முன்பணம் உங்கள் பணம் அன்று. அது உங்களிடம் உள்ள அமானிதம்.

புதிதாகச் செல்வோரே, ரொக்கமாகக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், தர மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வளைகுடாவில் இயங்கும் நம் ஊர் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் இஃப்தார் விருந்து நடத்துகிறீர்கள். அல்லாஹ் அதற்கு நற்கூலி வழங்குவானாக. அதனோடு, புதிதாக வருபவரின் முன்பணத்துக்கும் முதல் காசோலைக்கும் உதவ, வட்டியில்லாத அழகிய கடன் நிதி ஒன்றைத் தொடங்கலாமே. அந்தக் கடனும் எழுதப்படட்டும், சாட்சிகளோடு. தன் பெயரில் பதிவான ஒரு வீட்டில் ஒரு குடும்பம் குடியேற அது வழிசெய்தால், பெட்டிகளின் மேல் அமர்ந்திருக்கும் மாலை ஒரு தாய்க்கேனும் நேராமற்போகும்.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கல்களில் தூய்மையையும், நம் இல்லங்களில் பரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.