அடுப்பங்கரையின் புதிய ஆசாரம்

மார்கழி மாதத்து விடியற்காலையில், குளிருக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் இறுக அடைத்துவிட்டுப் படுத்த ஒரு வீட்டில், காப்பி போடுவதற்காக எழுந்து வரும் இல்லத்தரசி சமையலறைக் கதவைத் திறந்ததும், அழுகிய முட்டைக்கோஸைப் போன்ற ஒரு நாற்றம் அவள் மூக்கில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் என்ன செய்வாள்? இருட்டில் நின்று யோசிக்கும் வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லையாதலால், 'என்னவென்று பார்ப்போம்' என்று அவள் கை தானாகவே சுவரிலிருக்கும் விளக்கு சுவிட்சை நாடிச் செல்லும். அந்தக் கையைத் தடுத்து நிறுத்த அவளுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் வேலை செய்வது படித்த அறிவன்று, படிந்த பழக்கம். சமையல் எரிவாயுவைப் பற்றி நாம் அச்சிடும் விதிகளும், ஒட்டும் சுவரொட்டிகளும், நடத்தும் பிரசாரங்களும் அறிவை நோக்கியே பேசுகின்றன. பழக்கத்தை உண்டாக்குவது யார் பொறுப்பு என்ற கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

விறகடுப்பு எரிந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. இரவில் சமையல் முடிந்ததும் பாட்டியானவள் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, தணலைச் சாம்பலால் மூடி, பக்கத்தில் கிடந்த சுள்ளிகளை எட்டத் தள்ளி, கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். அடுப்படியில் உட்காரும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும் என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தன் பாட்டியின் அருகில் உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். ஆசாரம் என்ற சொல்லைக் கேட்டதும், சமையலறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று மனிதரைப் பிரித்த வழக்கங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஒழிவது நன்மையே. ஆனால் நெருப்பைப் பற்றிய இன்னோர் ஆசாரமும் அதே அடுப்பங்கரையில் இருந்தது. குலம் கோத்திரம் பாராமல் குடிசையிலும் மாளிகையிலும் அது ஒன்றுபோல அநுஷ்டிக்கப்பட்டது. அது தவறிய இடத்தில் விளைந்த விபரீதத்துக்கு, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பிறந்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

எரிவாயு அடுப்போ பாட்டியில்லாமல் வந்த அடுப்பு. 1955-இல் பம்பாயில் சில வீடுகளுக்கும், 1965-இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் மூலம் கல்கத்தாவுக்கும் வந்த இந்த எரிபொருள், நெடுங்காலம் நகரத்து மத்தியதர வர்க்கத்தார் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து பெறும் பாக்கியமாகவே இருந்தது. பிறகு தமிழக அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கிற்று. 2016 மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியா நகரில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம், 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகளை ஏழைப் பெண்களின் பெயரிலேயே கொடுத்துவிட்டது. பெண்களின் கண்களையும் மார்பையும் புகையினின்று மீட்ட இந்தக் காரியம் புண்ணிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தின் இடத்தில் ஒரே தலைமுறைக்குள் புதியதோர் அக்கினியைக் கொண்டுவந்து வைத்தவர்கள், அதைக் கையாளும் சிக்ஷையை ஒரு சிறிய புத்தகத்தில் அச்சிட்டுக் கொடுத்ததோடு திருப்தியடைந்துவிட்டார்கள். அந்தப் புத்தகமும் பல வீடுகளில் ரேஷன் அட்டையோடு சேர்ந்து பீரோவுக்குள் உறங்குகிறது.

இந்தப் புதிய அக்கினியின் ஸ்வபாவம் பழையதற்கு நேர்மாறானது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் வெளியே வந்தால், ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் அது பற்றிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. ஒன்பது பத்துப் பங்கைத் தாண்டினால்தான் காற்றுப் போதாமல் பற்றாது. எட்டடி நீளமும் ஆறடி அகலமும் ஒன்பதடி உயரமும் உள்ள ஒரு சிறிய சமையலறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், 14.2 கிலோ கொண்ட சிலிண்டரிலிருந்து சுமார் அரைக் கிலோ கசிந்தாலே அறை முழுவதும் அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்று தெரிகிறது. உண்மையில் அவ்வளவும் வேண்டியதில்லை. ஏனெனில் இந்த வாயு காற்றைவிடக் கனமானதாதலால், மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாமல், கொட்டிய தண்ணீரைப்போலத் தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் அலமாரிச் சந்துகளிலும் சாக்கடைத் துவாரத்திலும் போய்த் தங்குகிறது. 'சிலிண்டர் வெடித்தது' என்று பத்திரிகைகள் எழுதும் விபத்துகளில் பலவற்றில் சிலிண்டர் பங்கமின்றி நிற்க, அறையில் தேங்கியிருந்த வாயுவே வெடித்திருக்கிறது. இந்தத் தவறான வாசகத்தால் ஜனங்கள் இரும்பைக் கண்டு அஞ்சுகிறார்களேயொழிய, அறைக்குள் இருக்கும் காற்றைக் கண்டு அஞ்சுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவுக்கு இயற்கையில் சொல்லத்தக்க மணமும் கிடையாது. நம் மூக்கில் ஏறும் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற வஸ்துவை வேண்டுமென்றே கலப்பதால் உண்டாவது. பற்றிக்கொள்ளும் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே மனித மூக்குக்குத் தெரியவேண்டும் என்ற அளவில் அதைக் கலக்கிறார்கள். எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவதைச் சட்டமாக்கியதன் பின்னால் ஒரு சோக சரித்திரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், கட்டடத்தின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து நிறைந்திருப்பதை அறியாமல், தொழிற்பயிற்சி வகுப்பில் ஒருவர் மின்சார இயந்திரத்தை இயக்க சுவிட்சைப் போட்டார். அந்தப் பொறியில் கட்டடமே எழும்பி வீழ்ந்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் முந்நூறு பேர் மாண்டார்கள். அதன் பிறகு சில வாரங்களுக்குள் அம்மாகாணம் எரிவாயுவுக்கு நாற்றமூட்ட வேண்டுமென்று சட்டம் செய்தது. உலகெங்கும் அவ்வழக்கம் வலுப்பெற்றது. அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்து உலகம் வாங்கிய அந்த எச்சரிக்கையை நாம் எப்படி வரவேற்கிறோம்? "சிலிண்டர் மாத்தினா கொஞ்ச நேரம் அப்படித்தான் வாசனை வரும்" என்று சொல்லிவிட்டு, ஊதுவத்தி ஏற்றி வைக்கிறோம்! போதாததற்கு, ஒரே நாற்றத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு மரத்துப்போய், நாற்றம் நீங்கிவிட்டதாக நம்மை ஏமாற்றும்; சளி பிடித்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் முதலிலேயே தெரியாமலும் போகலாம். ஆகையால் ஒருவர் 'நாறுகிறதே' என்று சொன்னால், 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று மற்றவர் வாதாடுவது விவேகமாகாது.

புதிய ஆசாரத்தின் முதல் விதி, ஒன்றும் செய்யாதிருப்பது. மின்விளக்கைப் போடக்கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது, ஏனெனில் போடுவதிலும் அணைப்பதிலும் சுவிட்சுக்குள் பொறி எழுகிறது. நாற்றத்தை விரட்டுவதாக எண்ணிக் காற்றை வெளியேற்றும் விசிறியைச் சுழலவிடுவது, பொறியை நாமே கொண்டுபோய்க் கொடுப்பதாகும். குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி, கைப்பேசி எதையும் அங்கே தொடலாகாது. அடுத்த வீட்டாரை எழுப்புவதற்கும் அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டவேண்டும். நம் சிறிய வீடுகள் பலவற்றில் பூஜை மாடம் சமையலறையிலேயே இருக்கிறபடியால், காமாட்சி விளக்கோ ஊதுவத்தியோ எரிந்துகொண்டிருந்தால் அதை மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். அபசகுனம் என்று தயங்குவதற்கு அது சமயமன்று. அதன்பின் அடுப்பின் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடி, அப்படியும் கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரின் வாயில் அதற்குரிய மூடியை அழுத்திப் பொருத்தி, தரையோடு கிடக்கும் வாயு வழிந்தோடும்படி ஜன்னலோடு வாசற்கதவையும் அகலத் திறந்து, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, வெளியிலிருந்தே 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். எரிவாயுக் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது. மூச்சுத் திணறுமளவு நாற்றம் மிகுந்திருந்தால், உள்ளே போகாமல் விலகுவதே தைரியம். மின்சாரத்தை அடியோடு துண்டிக்க வேண்டுமானாலும், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, நாற்றம் எட்டாத இடத்தில் இருந்தாலன்றி அதைத் தொடக்கூடாது.

தீயே பற்றிவிட்டாலோ, நம் உள்ளுணர்வு இன்னொரு வழியிலும் நம்மை ஏமாற்றும். ரப்பர் குழாயின் நுனியில் எரியும் சுடரை அடித்து அணைக்கத் தோன்றும். ஆனால் வாயுவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரிந்து தீர்ந்துகொண்டிருந்த வாயு எரியாமல் அறையில் நிரம்பத் தொடங்கும். எதிரில் நின்ற சத்துரு ஒளிந்துகொண்ட கதையாகும். ரெகுலேட்டரை ஆபத்தின்றி எட்ட முடியுமானால் மூடுவதும், சிலிண்டரையே தீ சூழ்ந்திருந்தால் ஊரை எச்சரித்துக்கொண்டு வெளியேறி 101-ஐ அழைப்பதுமே முறை. வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். சுட்ட புண்ணுக்குப் பேனா மையும் பற்பசையும் மருந்தல்ல. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே முதலுதவி.

இவ்வளவும் நினைவிலிருக்குமா, பதற்றத்தில் யார் வரிசை பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இப்படியெல்லாம் பயமுறுத்தினால் ஏழைகள் மறுபடியும் விறகுக்கே போய்விடுவார்கள் என்போரும் உண்டு. இருவருக்கும் 2025 ஜனவரி 3 அன்று கோயம்புத்தூர் பதில் சொல்லிற்று. அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் லாரி விடியுமுன் கவிழ்ந்து கசியத் தொடங்கியபோது, தீயணைப்புப் படையினர் இடைவிடாது தண்ணீரைப் பாய்ச்சினர், போக்குவரத்து தடுக்கப்பட்டது, சுற்றுப்புறத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, ஓர் உயிரும் போகவில்லை. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் லாரியோடு மோதிய எரிவாயு டேங்கரிலிருந்து கசிந்த மேகம் பொறியைச் சந்தித்துவிட, பலர் உயிரோடு வெந்தார்கள். வாயு ஒன்றே, பொறி முந்திக்கொண்ட இடத்தில் யாராலும் ஒன்றும் செய்யக்கூடவில்லை, கோயம்புத்தூரிலோ அவகாசம் கிடைத்தது, கிடைத்த அவகாசத்தை வீணாக்காத பயிற்சியும் இருந்தது. அந்தப் பயிற்சியில் நூற்றில் ஒரு பங்கையாவது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

அதைக் கொண்டுவரத் தகுந்த உபாத்தியாயர் ஒருவர் நமக்கு ஏற்கெனவே இருக்கிறார். சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறவர் அவர். முத்திரையை உடைத்து, மூடியைக் கழற்றி, வாஷர் சரியாயிருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்துக் கொடுப்பது அவர் கடமை. ஆனால் எத்தனை சிலிண்டர் இறக்கினார் என்பதைக் கொண்டே கூலி நிர்ணயிக்கப்படுகிறவருக்கு நின்று பேச நேரமேது? நாமும் "வச்சுட்டுப் போங்க தம்பி" என்று கதவை மூடுகிறோம். ஒரு வீட்டில் ஐந்து நிமிஷம் நின்று கற்பிப்பதற்கென்று அவருக்குத் தனி ஊதியம் கொடுக்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வருமானால், எந்த விளம்பரமும் சாதிக்காததை அது சாதிக்கும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்கமுமாக எழுதியிருப்பது, அது மறுபரிசோதனைக்குரிய காலாண்டும் ஆண்டும் என்பதை எத்தனை வீட்டில் அறிவார்கள்? ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், கசிவைத் தீக்குச்சியால் தேடாமல் சோப்பு நுரையால் தேட வேண்டும், சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து அடுப்பை அதற்கு மேலான உயரத்தில் அமைக்க வேண்டும் என்பவற்றை அவர் கை காட்டிச் சொன்னால் கேட்கிறவள் மறக்கமாட்டாள். ஐந்தாண்டுக்கொருமுறை நடக்கவேண்டிய வீட்டுப் பரிசோதனையைப் போலிகள் குழாய் விற்கும் தந்திரமாக்கிவிட்டபடியால், அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகரங்களில் இப்போது குழாய் வழியே வரத்தொடங்கியிருக்கும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட இலேசானது. தரையில் தங்காமல் கூரையை நாடுவது. சிலிண்டர் வீட்டில் கற்ற பாடத்தில் கதவைப் பற்றிய பகுதி மாறி, உயரத்துத் துவாரங்கள் முக்கியமாகிவிடும். மாறாமல் நிற்பது சுவிட்சைத் தொடாத கை ஒன்றே.

அந்தக் கையைப் பழக்குவதற்குச் செலவு ஏதுமில்லை. இன்றிரவு சமையல் முடிந்ததும், அடுப்பின் குமிழோடு நில்லாமல், கண்களை மூடிக்கொண்டு, மேடைக்கு அடியில் கைவிட்டுத் தடவி, ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திரும்பினால் அணைகிறது என்று விரலுக்குத் தெரியும்படி ஒரு முறை அணைத்துப் பாருங்கள். நாளை இரவும் அப்படியே செய்யுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் அதைச் செய்யவேண்டிய ஒரு விடியற்காலை வராமலே போகட்டும். கொள்ளியின் மேல் தண்ணீர் தெளித்த பாட்டியும் தினந்தோறும் செய்தது இதைத்தான். பக்கத்தில் பேத்தி நின்று பார்க்கிறாளா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.