சனிக்கிழமைப் பிரயாணிகள்
வேலூரில் சில மாதங்கள் பயில வரும் அந்நிய தேச மாணவர்கள், வார இறுதி வந்ததும் மாமல்லபுரம், புதுச்சேரி என்று திக்விஜயம் புறப்பட்டுவிடுகிறார்கள். அதைக் குறைகூறுவதற்கில்லை, நம் பிள்ளைகளும் ஐரோப்பாவில் இரண்டு நாளில் மூன்று ராஜதானிகளைப் படம்பிடித்துத் திரும்புகிறவர்கள்தாமே! ஆயினும், கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் பொதுஜனங்களுக்கும் கதவைத் திறந்துவிடும் காவலூர் வானாய்வு நிலையத்தை அவர்களில் எத்தனை பேர் நாடுகிறார்களோ, அறியேன். ஸ்வீடனிலோ ஜெர்மனியிலோ ஆயுள் முழுவதும் காத்திருந்தாலும் அடிவானத்துக்கு மேல் எழாத, தென்சிலுவை எனப்படும் திரிசங்கு நக்ஷத்திரங்கள், பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையிலேயே இம்மலை அமைந்திருக்கும் காரணத்தால், சித்திரை வைகாசி இரவுகளில் இங்கே வெறுங்கண்ணுக்கே தரிசனம் தருகின்றன. கோபுரத்தையும் கடற்கரையையும் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளலாம், இதற்கு நேரில் வந்துதான் ஆகவேண்டும். நிலையத்துக்குத் தம் பெயரை ஈந்த வைணு பாப்புவும் ஒரு காலத்தில் ஹார்வர்டுக்குப் படிக்கச் சென்ற மாணவர்தாம். 1949இல் அங்கே எடுத்த புகைப்படத் தகட்டில் அகப்பட்ட வால்நக்ஷத்திரம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் வரவேண்டாம். மேகம் கவிந்துவிட்டால், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பீமன் அருவியோடு திருப்தியடைய வேண்டியதுதான்.